தொடாமல் வளர்த்த பிள்ளை

நல்லம்மாளுக்குப் பெருவியாதி என்று முதலில் சொன்னவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து பார்க்கும் டிரஸர்தான். அப்போது அவர்கள் கோலா கங்சாருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார்கள். பால்வெட்டுக்குப் போன இடத்தில் காலில் ஏறிய முள், புண்ணாகி நாற்றம் எடுக்கும்வரை அவளுக்குத் தெரியவே இல்லை. டிரஸர் பாதத்தைப் பார்த்தார். மடங்கிக் கிடந்த விரல்களைப் பார்த்தார். பிறகு அவளுடைய முழங்கைக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினார். அங்கே நரம்பு கயிறு மாதிரி தடித்து உருண்டது.

“வெளிய யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா சுங்கை பூலோவுக்கு அனுப்பிருவாங்க,” என்றார்.

கெட்ட மனிதர் இல்லை. தான் நம்பியதைத்தான் சொன்னார். தொழுநோயாளிகளுக்காகச் சுங்கை பூலோவில் தனிக் குடியிருப்பு இருந்தது. அங்கே போனவர் எவரும் திரும்பி வந்ததாகத் தொழிலாளர் லயத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

அன்றிலிருந்து நல்லம்மாள் தன் தட்டைத் தனியாக வைத்துக்கொண்டாள். குவளை தனி, பாய் தனி. மகள் வீரம்மா அப்போது தத்தித் தத்தி ஓடுகிற வயது. மடியில் ஏற வந்தால், “அம்மாவுக்கு மேலு சரியில்ல, அப்பாகிட்ட போ,” என்று குச்சியால் கோழியை விலக்குவதுபோல் விலக்குவாள். குளிப்பாட்டுவது, தலைவாருவது, சோறு ஊட்டுவது எல்லாம் புருஷன் பத்துமலையின் வேலை ஆனது. பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்பிள்ளைகள் ஒழுங்கான இரட்டைச் சடையோடு வந்தபோது, வீரம்மாவின் சடைகள் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக ஆடும். தன்னை அம்மாவுக்குப் பிடிக்காது என்று நினைத்தே அந்தப் பெண் வளர்ந்தாள்.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டில் குடியேறினார்கள். லாரி வேலைக்குப் போன பத்துமலை சில வருஷங்களில் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். அவர் சாவதற்கு முன்புதான் மகளிடம் உண்மையைச் சொன்னார். “ஒங்கம்மா ஒன்ன வெறுக்கலம்மா. ஒனக்கு ஒட்டிக்கக் கூடாதுன்னு பயந்தா.” வீரம்மா அன்று ரொம்ப நேரம் அழுதாள். ஆனாலும் அம்மாவிடம் அதைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வரவில்லை. தொட்டுப் பழகாத இருவருக்கு இடையில் பேச்சும் கொஞ்சமாகத்தான் இருந்தது.

1984இல் வீரம்மாவுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அவள் துணி ஆலையில் வேலை செய்தாள். மாப்பிள்ளை ராஜு, பாரிட் புந்தார்க்காரன். அரிசி ஆலை லாரி ஓட்டுபவன். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் அக்காதான். நிச்சயதார்த்தம் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பழைய தோட்டத்து ஆள் யாரோ அந்த அக்காவின் காதில் போட்டுவிட்டார்கள். பெண்ணின் தாயாருக்குக் கூஸ்தா, அதாவது பெருவியாதி, ரொம்ப வருஷமாக மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று.

ராஜு நேரே வந்து கேட்டான். “நெசமா, இல்லியா? எனக்கு அது மட்டும் தெரிஞ்சா போதும்லா.”

அதனால்தான் வீரம்மா அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். நல்லம்மாள் வர மறுத்தாள். பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்ற பயம் அவளை விட்டுப் போகவில்லை. “இப்பல்லாம் அப்படிப் புடிச்சு வைக்கிறதில்லம்மா, மாத்திரை குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவாங்க,” என்று வீரம்மா கெஞ்ச வேண்டியிருந்தது.

தோல் டாக்டர் காது மடலில் கீறி எடுத்துச் சோதித்தார். கிருமி எதுவும் இல்லை. ஆனால் நரம்பு தடித்திருந்ததால் அவரால் உறுதியாக எதுவும் சொல்ல முடியவில்லை. நரம்பு டாக்டர் பஞ்சலிங்கத்திடம் அனுப்பினார். நரம்பில் மின்சாரம் விட்டு அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும் மெஷின் அவரிடம் இருந்தது.

பஞ்சலிங்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பம். மெதுவாகப் பேசுவார். உதவிக்குக் கௌரி என்று ஒரு நர்ஸ். மெஷினையும் அதில் தொங்கிய கம்பிகளையும் பார்த்ததும் நல்லம்மாள் கட்டிலில் ஏற மாட்டேன் என்று சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

“கரெண்டு வெக்கப் போறாங்களாம்மா? வேணாம். வீட்டுக்குப் போலாம்.”

“பயப்பிடாதேங்கோ அம்மா. சின்னதாச் சுண்டினமாதிரித்தான் இருக்கும்,” என்றார் டாக்டர்.

வீரம்மா தன் கையை நீட்டினாள். “மொதல்ல எனக்கு வெச்சுக் காட்டுங்க டாக்டர். பாத்தாங்கன்னா பயம் போயிரும்.”

டாக்டர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். கௌரி வீரம்மாவின் கட்டைவிரல் மேட்டில் களிம்பு தடவிச் சிறிய உலோக வில்லைகளை ஒட்டினாள். டாக்டர் மணிக்கட்டில் ஒரு கருவியை வைத்து அழுத்தினார். கட்டைவிரல் வெடுக்கென்று துள்ளியது. வீரம்மா அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். “பாத்தியா? ஒண்ணுமே இல்ல. எறும்பு கடிக்கிறமாதிரிதான்.”

திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடி, எழுந்து, படுத்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கைக்கு மேலே கருவியை வைத்து மறுபடியும் அழுத்தினார். கோடு எழும்ப வெகு நேரம் ஆனதுபோல் இருந்தது. திரையின் கடைசிக்குப் போய்த்தான் எழுந்தது. டாக்டர் அளவு நாடாவை எடுத்து முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தார். திரும்பவும் அளந்தார்.

“மெஷினு கெட்டுப்போச்சா டாக்டர்?”

“இல்லைப் பிள்ளை, ஒருக்காச் சரி பாக்கிறன்.” கௌரியிடம் கையை நீட்டச் சொல்லி அதே இடங்களில் வைத்து அழுத்தினார். அவள் கைக்குக் கோடு உடனே எழுந்தது. டாக்டர் கம்பிகளைக் கழற்றினார்.

பிறகு நல்லம்மாளைப் படுக்க வைத்தார்கள். குளிர்ந்திருந்த அவள் பாதங்களைக் கௌரி வெந்நீரில் நனைத்த துண்டால் சுற்றிச் சூடுபடுத்தினாள். அந்தப் பாதங்களைப் பல வருஷங்களாக யாரும் தொட்டதில்லை. நல்லம்மாள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். “ஒட்டிக்கும்மா, தொடாதீங்க,” என்றாள். கௌரி விடவில்லை.

காலில் எவ்வளவு அழுத்தமாக மின்சாரம் வைத்தும் விரல்கள் அசையவில்லை. கோடு தட்டையாகவே ஓடியது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்துத் தசையில் மெல்லிய ஊசியை இறக்கியபோது, தகரக் கூரையில் மழைத் தூறல் விழுவதுபோல் மெஷின் சத்தம் போட்டது. கடைசியாகக் கைகள். இரண்டு கைகளிலும் கோடு தாமதமாக, ஒரே அளவுக்குத் தாமதமாக வந்தது. வீரம்மாவின் கைக்கு வந்தமாதிரியே.

டாக்டர் இருவரையும் நாற்காலியில் உட்கார வைத்தார்.

“அம்மா, உங்களுக்குக் கூஸ்தா இல்லை.”

நல்லம்மாளுக்கு விளங்கவில்லை. மகளைப் பார்த்தாள்.

“கூஸ்தாவெண்டால் ஒரு நரம்பு பழுதாயிருக்கும், பக்கத்து நரம்பு நல்லாயிருக்கும். உங்களுக்கு எல்லா நரம்பும் ஒரேமாதிரி மெதுவா ஓடுது. இது ஒட்டுற வருத்தம் இல்லை. யாரையும் நீங்கள் தொடலாம்.”

நல்லம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. “கேட்டியா? இல்லியாம்! தொடலாமாம்!” என்று மகளின் கையைப் பிடிக்க வந்தாள்.

டாக்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “உங்கட அப்பா எப்பிடி நடப்பார், ஞாபகம் இருக்கே?”

“எங்கப்பனா? முட்டிய ஒசத்தி ஒசத்தி நடப்பாரு. குதிர மாதிரின்னு கேலி பண்ணுவாங்க.”

“அதுதான். இது பரம்பரையா வாற நரம்பு வருத்தம். அவரிட்ட இருந்து உங்களுக்கு வந்திருக்கு.”

வீரம்மாவின் முகம் மாறியது. “டாக்டர், மொதல்ல எங் கையில வெச்சீங்களே. அது சரியா இருந்துச்சா?”

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சொல்லுங்க டாக்டர்.”

“நீ கேக்காட்டி இண்டைக்குச் சொல்லியிருக்க மாட்டன், பிள்ளை. சோதிக்கவெண்டு நீ வரேல்லை.” பிறகு அவளை நிமிர்ந்து பார்த்து, “உனக்கும் இருக்கு,” என்றார்.

செருப்பைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். உள்ளங்கால் வில்லாக வளைந்திருந்தது. சின்ன வயதிலிருந்தே கணுக்கால் அடிக்கடி மடங்கும் என்று வீரம்மா சொன்னாள். உயிருக்கு ஆபத்தில்லை, மெதுவாகத்தான் கூடும், சிலருக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் கால் தளரும் என்று டாக்டர் விளக்கினார். மருந்து உண்டா என்று கேட்டாள். இல்லை என்றார். பிள்ளைகளுக்கு வருமா என்றதற்கு, பாதிக்குப் பாதி என்றார். வீரம்மா தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். நல்லம்மாளின் கை, மகளின் கையைப் பிடிக்க நீண்ட இடத்திலேயே நின்றுபோயிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது வீரம்மா அம்மாவின் தோளில் சாய்ந்தாள். பழக்க தோஷத்தில் நல்லம்மாள் ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். பிறகு ஒதுங்குவதை நிறுத்தினாள். மகளின் தலையில் கையை வைத்தாள். வைத்த கையை அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் வீடு வரும்வரை அப்படியே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சொன்னது இதுதான்: “ராஜுகிட்ட கூஸ்தா இல்லேன்னு மட்டும் சொல்லு. கேட்டது அதத்தானே. மத்தது எதுக்கு?”

“நாளைக்குத் தெரிஞ்சா?”

“தெரியிறப்ப தெரியட்டும். நாலு பிள்ள பெத்துட்டா எவன் விட்டுட்டுப் போவான்?”

“அதுல ரெண்டு பிள்ளைக்கு இது வந்தாம்மா?”

நல்லம்மாள் தன் தனித் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

ராஜு ஈப்போவுக்கு லோடு கொண்டுவந்த நாளில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சந்தித்தார்கள். கூஸ்தா இல்லை என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. “அப்ப முடிஞ்சிச்சுலா! அக்காகிட்ட இன்னைக்கே சொல்லிர்றேன்.”

“இன்னொன்னு இருக்கு,” என்று வீரம்மா மீதியையும் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

“நீ நல்லாத்தானே நடக்குற?”

“இப்ப.”

“பொறக்குற பிள்ளைக்கு?”

“வரலாம். வராமலும் போலாம்.”

அவன் தேத்தண்ணிக் கிளாஸைத் திருப்பிக்கொண்டே இருந்தான். “வீட்டுல பேசிட்டு வாரேன்,” என்றான். போகும்போது லாரியில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், நடந்தே போகிறேன் என்றாள்.

அவன் வரவில்லை. அவனுடைய அக்காதான் வந்தாள். சண்டை போடுகிற முகமாக இல்லை. வாசலிலேயே நின்று வீரம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீ மறைக்காம சொன்னதுக்கு நான் ஒன்னக் கும்புடணும். ஆனா எங்க குடும்பத்துல அவன் ஒருத்தன்தாம்மா எனக்கு,” என்று சொல்லி அழுதாள். நல்லம்மாள் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வரவில்லை.

அதன் பிறகு அந்த வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. வீரம்மா ஆலையிலிருந்து திரும்பும்போது அம்மா எப்போதும் உட்கார்ந்தே இருந்தாள். சமையல் முடிந்திருக்கும், தண்ணீர் பிடித்து வைத்திருக்கும், துணி துவைத்துக் காய்ந்திருக்கும். ஆனால் மகள் வீட்டில் இருக்கிற நேரத்தில் நல்லம்மாள் எழுந்து நடக்கவே மாட்டாள். கேட்டால் கால் வலி என்பாள்.

ஒருநாள் மதியம் ஆலையில் மின்சாரம் தடைப்பட்டு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீரம்மா சந்து திரும்பும்போது பார்த்தாள். அம்மா குழாயடியிலிருந்து வாளியோடு வந்துகொண்டிருந்தாள். முழங்கால்களை மேலே மேலே உயர்த்தி, பாதம் பட் பட்டென்று சிமெண்டில் அடிக்க, ஒரு கையால் தகரத் தடுப்பைப் பிடித்தபடி. மகளைக் கண்டதும் நல்லம்மாள் வாளியை வைத்துவிட்டு அந்த ஈரத்திலேயே உட்கார்ந்தாள்.

“ஏம்மா ஒக்காந்துட்ட?”

“சும்மாதான்.”

“என்னப் பாத்துத்தானே?”

நல்லம்மாள் புடவையால் கால்களை மூடினாள். “நீ பாக்குற பார்வ எனக்குத் தெரியுதும்மா. நான் நடக்குறப்ப நீ என்னப் பாக்கல. ஒன்னப் பாக்குற.”

அது உண்மைதான். அம்மாவின் பக்கத்தில் அவளும் ஈரத்தில் உட்கார்ந்தாள்.

“அதாவே இருந்திருக்கலாம்டி,” என்றாள் நல்லம்மாள். “கூஸ்தாவுக்கு இப்ப மருந்து இருக்குன்னு நீதானே சொன்ன. ஒன்னத் தொடாம வெச்சிருந்ததுக்காவது ஒரு அர்த்தம் இருந்திருக்கும். வயித்துலயே குடுத்துட்டு, ஒட்டிக்கும் ஒட்டிக்கும்னு ஒன்னத் தள்ளித் தள்ளி விட்டேனே. பச்சப்பிள்ள நீ. என்ன நெனச்சிருப்ப?”

“எனக்கு ஞாபகம் இல்லம்மா,” என்றாள் வீரம்மா. பொய் என்று இருவருக்கும் தெரியும்.

பிறகு வீரம்மா அம்மாவின் கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். ஈரப் புடவையை மாற்றிவிட்டாள்.

மறுநாள் காலையில் நல்லம்மாள் மகள் இருக்கும்போதே எழுந்து, சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்கு நடந்தாள். வீரம்மா வேலைக்குப் புறப்படச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பாதம் தரையில் அடிக்கும் சத்தம் அவளைக் கடந்து போனது. செருப்பு வாரை மாட்டி முடித்த பிறகும், அம்மா அடுப்படிக்குப் போய்ச் சேரும்வரை அவள் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.