பல் டாக்டரின் காப்பிநிறக் கோரை

பல் டாக்டருக்கு அழகுக்கோரை, அதாவது அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் கோரை, என்றால் பைத்தியம். கிளினிக் ஜன்னலோரம் மூன்று தொட்டிகள் வைத்திருந்தார். ஒன்றில் வெள்ளைக்கோடு ஓடிய இலைகள், அடுத்ததில் ஊசி ஊசியாக நீலப்பச்சை, மூன்றாவதில் காப்பிநிறம். வரவேற்பு மேசையைக் கவனித்துக்கொண்ட அவர் மனைவிக்கு அந்த மூன்றாவதைக் கண்டாலே ஆகாது.

"இது காஞ்சு போச்சுங்க. தூக்கிப் போடுங்க."

"அதோட நிறமே அதுதான். உனக்குத் தெரியாது."

நான்கு மாதமாக இதே பேச்சு. தண்ணீர் ஊற்றுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

ஒரு நாள் தாவரவியல் பேராசிரியர் ஒருவர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள வந்தார். டாக்டருக்குக் கை பரபரத்தது. மரத்துப்போக ஊசியைப் போட்ட கையோடு தொட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து அவர் மடியில் வைத்தார்.

பேராசிரியர் முதல் செடியின் தண்டை இரண்டு விரல்களுக்கிடையே உருட்டினார். முக்கோணமாக நெருடியது.

"ஓரை," என்றார். கோரைதான்; அதன் தண்டுக்குத்தான் மூன்று விளிம்பு.

இரண்டாவது தண்டு வழுவழுவென்று உருண்டது.

"உல்."

வெறும் புல். டாக்டருக்கு முகம் தொங்கிப்போனது. மூன்றாவதைப் பேராசிரியர் வெகுநேரம் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

"ஹெத்துஹோஹு."

மரத்த வாய்ப் பேச்சை இருபது வருஷம் கேட்டுப் பழகிய தைரியத்தில், டாக்டர் அதை எழுத்து பிசகாமல் ஓர் அட்டையில் எழுதித் தொட்டியில் குத்தினார்.

"லத்தீன் பேரு," என்றார் மனைவியிடம்.

அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"என்ன?"

"ஒண்ணுமில்லங்க. பொருத்தமான பேரு."

மூன்றாம் நாள், கன்னம் வீங்கி வந்த ஒரு நோயாளி அட்டையைப் படித்துவிட்டு, "ஏன் டாக்டர், செத்துப்போன செடிக்கு எதுக்குத் தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டபோதுதான் அவருக்கு விஷயம் விளங்கியது. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அட்டையை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் தையல் பிரிக்க வந்த பேராசிரியர், தன் தோட்டத்திலிருந்து உயிரோடு ஒரு காப்பிநிறக் கோரையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து வரவேற்பு மேசையில் வைத்தார். உள்ளே தையல் பிரித்து முடிப்பதற்குள் அது குப்பைக்கூடைக்குப் போயிருந்தது.

டாக்டர் கூடைக்குள் முழங்கை வரை விட்டு அதை மீட்டெடுத்தார். தூரை விலக்கி மனைவியிடம் காட்டினார்.

"அடியில பாரு, பச்சையா இருக்கு. உயிர் இருக்கு."

அவள் குனிந்து பார்த்தாள். இருந்தது.

"மேலயும் பச்சையா இருக்கிற மாதிரி ஒரு செடி உங்களுக்குக் கிடைக்கவே இல்லையா?" என்றாள்.