எட்டாம் நாளுக்கு ஆள் தேவை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கணக்காகத்தான் பிறந்தது. ஏழு பேரை மும்மூன்று பேர் கொண்ட குழுக்களாக்க வேண்டும். எந்த இருவரும் இரண்டாம் முறை ஒரே குழுவில் வரக்கூடாது. ஆகக்கூடியது எத்தனை குழு? ஏழு. கணக்கை யார் வாசிப்பார்கள் என்று நடுவில் ஒரு சைக்கிளை நிறுத்தினேன்.

2
போரின் கரிய மேகங்கள் குடாநாட்டின்மீது

(வெட்டிவிட்டேன். கரண்ட் இல்லை என்றால் போதும்.)

1991, தொண்டைமானாறு. பற்றரியும் இல்லை. வாசிகசாலையில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி ஒருவர் மிதிப்பார், டைனமோ சுழலும். ஒருவர் ஏரியல் கம்பியைப் பிடிப்பார். ஒருவர் வானொலியின் குமிழைத் திருகுவார். ஊரே கேட்கும். இந்த மூன்று வேலைக்கும் முறைபோட்டு ஏழு பேர்.

அந்த ஏழு பேரில் ஒருத்தி கணித ஆசிரியை குணலட்சுமி. அவள் தங்கை அருந்ததி இந்தியா போய் இரண்டு வருடம். வள்ளத்தில் வந்த ஒரே கடிதத்தில் எழுதியிருந்தாள்: 'வானொலி நாடகம், எட்டு நாள். எட்டாம் நாள் மட்டும் என் குரல் வரும், அக்கா.'

3
இருவர் இரண்டாம் முறை சேரக்கூடாதென்ற விதி ஏன்? கந்தப்புவும் கதிரவேலுவும் முதல் நாள் நல்லபடி சேர்ந்தார்கள். மறுநாள்:

"நேற்று உன்ரை கம்பி பனையைப் பாத்துக்கொண்டு நிண்டது!"

"நீ மிதிச்ச மிதிக்கு றேடியோ கொட்டாவி விட்டது!"

மிதி நின்றது. வானொலிச் செய்தி பாதியில் போயிற்று.

(நம்பாதவர்கள் தங்கள் சங்கத்தின் இரண்டாவது கூட்டத்தை நினைத்துப் பார்க்கவும்.)

4
வாசிகசாலைத் தலைவர் சிவசுப்பிரமணியம் அதற்குள் அறிவித்தல் ஒட்டிவிட்டார்: 'வானொலி நாடகம், எட்டு நாளும் தலைவர் தலைமையில்.'

"ஐயா, ஏழு பேருக்கு ஏழு நாள்தான் வரும்," என்றாள் குணலட்சுமி.

"கொஞ்சம் கெட்டித்தனமாய்ப் பிரிச்சால், ரீச்சர்?"

"மொத்தம் இருபத்தொரு சோடி. மூண்டு பேர் சேர்ந்தால் நாளுக்கு மூண்டு சோடி தீரும். எட்டாம் நாளுக்கு ஒண்டும் மிஞ்சாது."

"அப்ப தீர்மானம் நிறைவேற்றுவம்."

"தீர்மானத்தாலை சோடி கூடாது. ஆள்தான் கூடவேணும். எட்டுப் பேரெண்டால் சரியாய் எட்டு நாள். ஆளுக்கு மூண்டு முறை."

"எட்டாவது ஆர்?"

ஏழு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"நான் தலைமை எல்லோ?"

"ஓம் ஐயா," என்றார் கந்தப்பு. "தலைமைக்கும் ரெண்டு கால் இருக்குது."

5
முதல் வரைவில் தலைவர் மறுத்தார், கதை படுத்துவிட்டது. இரண்டாவதில் அவர் வேட்டி சங்கிலியில் மாட்டியது. நன்றாகச் சிரித்துவிட்டு, வெட்கப்பட்டு, மடித்துக் கட்டச் செய்தேன். மூன்றாவதில் ஒருநாள் கம்பி பிடித்தார், ஒருநாள் குமிழ் திருகினார். எட்டாம் நாள் மிதி. தலைமையுரை இல்லை, அதற்கு மூச்சில்லை. ஊர் கைதட்டியது.

6
கம்பியில் கதிரவேலு. குமிழில் குணலட்சுமி. நாடகத்தில் கதவு திறக்கும் ஓசை. யாரோ ஒருத்தி மூச்சிழுக்கிறாள். அந்த மூச்சு அக்காவுக்குத் தெரியும்.

"ரீச்சர்… ஏலாது…"

"இன்னும் கொஞ்சம், ஐயா!"

தலைவர் இறங்கிவிட்டார். சைக்கிளின் பின்சில்லு தன்பாட்டில் சுழல்கிறது. அது நிற்பதற்குள் ஒருவர் ஏற வேண்டும். கந்தப்பு ஓடி வருகிறார். கதிரவேலு முறைக்கிறார். மற்றவர்களும் அப்படித்தான்: கதிரவேலுவோடோ குணலட்சுமியோடோ ஏற்கெனவே சேர்ந்தவர்கள்.

அருந்ததி என்ன சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கும் இன்னும் கேட்கவில்லை. இந்தக் கதையில் எவரோடும் ஒருமுறைகூடச் சேராதவர் நீங்கள் ஒருவர்தான்.

சைக்கிள் சீற் இன்னும் சூடாக இருக்கிறது. மிதியுங்கள்.