அறுபத்தெட்டுக்குக் கீழே

ஐஸ் பாட்டில்களை மாற்றிவிட்டு ஆர்மிடா படுக்கையறைக்குத் திரும்பியபோது அவள் புருஷன் வெர்ல் இறந்திருந்தான்.

நான்கு நிமிடம். அதற்கு மேல் இருக்காது. ஃப்ரீசரிலிருந்து உறைந்த பாட்டில்கள் நான்கை எடுத்தாள். குளியல் தொட்டியில் அவற்றை இறக்கி, அங்கே உருகி மிதந்த நான்கைத் துடைத்து ஃப்ரீசரில் வைத்தாள். தொட்டியின் நடுவே பீர் நொதித்துக்கொண்டு நின்ற கண்ணாடிக் குடுவைக்கு மாட்டியிருந்த டி-ஷர்ட்டின் மேல் இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றினாள். குடுவையின் பக்கத்தில் ஒட்டிய, வெப்பம் காட்டும் பட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"அறுபத்தேழு," என்று சொல்லிக்கொண்டேதான் அறைக்குள் வந்தாள். சொல்லி முடித்த பிறகு பார்த்தாள்.

ஆக்சிஜன் இயந்திரம் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினாள்.

வாசலில் நின்றிருந்த லுவானா, சத்தம் நின்றதும் உள்ளே வந்தாள். வெர்லுக்கு நான்கு வயது மூத்த அக்கா. சர்ச் சபையில் பெரிய மனுஷி. தம்பியின் நெற்றியைத் தொட்டாள். கழுத்தைத் தொட்டாள்.

"எப்போ?"

"இப்பதான்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

லுவானா ஆர்மிடாவின் ஈரக் கைகளைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். காதில் குழாயை மாட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டாள். நேரத்தை எழுதினாள். மிச்சமிருந்த மார்ஃபினை எண்ணி, யாரும் எடுத்துவிடாதபடி, பூனைக் கழிவுக்குப் போடும் மணலில் கொட்டிக் கலக்கினாள். ஆர்மிடாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, மேற்கே கறுத்துக் கிடந்த வானத்தைப் பார்த்தபடி காரை எடுத்தாள். ஊர் ஓடைக்கு அந்தப் பக்கம். வீடு இந்தப் பக்கம். வருஷத்தில் பதினோரு மாதம் அந்த ஓடையில் மணல்தான்.

கார் போனதும் லுவானா குளியலறைக் கதவைத் திறந்து பார்த்தாள்.

"சபைப் பொம்பளைங்க சாயங்காலம் வருவாங்க. அதுக்குள்ள இதக் கொட்டிடு."

"முடியாது."

"செத்த வீட்ல நொதிச்ச வாடை அடிக்குது, ஆர்மிடா."

"இருபது வருஷமா அடிக்குது. இன்னிக்குத்தான் மோந்து பாத்தியா?"

ஆர்மிடா பீர் குடிப்பவள் அல்ல. அந்த வாடை அவளுக்கும் பிடிக்காது. இருபது வருஷமாக அவளால் காலை நீட்டி ஒரு குளியல் குளிக்க முடிந்ததில்லை. சுரங்கத்திலிருந்து ஓய்வு பெற்ற அன்று வெர்ல் அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டான், பிறகு விடவில்லை. பள்ளத்தாக்கில் பீர் காய்ச்சுகிற மற்றவர்கள் மே மாதம் அடுப்பை அணைத்தால் அக்டோபரில்தான் மூட்டுவார்கள். அல்லது அதற்கென்று ஒரு ஃப்ரிட்ஜ் வாங்குவார்கள். வெர்ல் ஜூலையில்தான் காய்ச்சுவான். "ஃப்ரிட்ஜ் வெச்சுக் காய்ச்சினா அது ஃப்ரிட்ஜு காய்ச்சின பீர்," என்பான். தொட்டித் தண்ணீர், ஈர டி-ஷர்ட், ஒரு மின்விசிறி, எட்டு பாட்டில் ஐஸ். வெளியே நூற்றாறு டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே குடுவை அறுபத்தெட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெயிண்ட் கரைக்கிற எண்ணெய் மாதிரி நாறும். பல ஜூலைகளில் நாறியது. கொல்லையில் கொட்டிவிட்டு, அடுத்த ஜூலையில் மறுபடி மூட்டினான்.

இந்த முறை அவனால் நிற்க முடியவில்லை. சனிக்கிழமை முற்றத்தில் நாற்காலி போட்டு, மூக்கில் குழாயோடு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சொன்னான். ஆர்மிடா அடுப்பு மூட்டினாள், முளைகட்டிய பார்லியின் மால்ட் சாற்றைக் கிண்டினாள், கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டாள், ஆற வைத்தாள், குடுவையில் ஊற்றி ஈஸ்ட் தூவினாள். "கைய கழுவினியா? மறுபடி கழுவு," என்று மூச்சிரைக்க அதட்டினான். குடிக்கிற பக்குவத்துக்கு வர ஐந்து வாரம் ஆகும். நர்ஸ் அதற்கு முந்தின நாள்தான் இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தாள். இரண்டு பேருக்கும் கூட்டிக் கழிக்கத் தெரியும்.

இன்று மூன்றாம் நாள். ஈஸ்ட் பொங்கித் தானே சூடேற்றுகிற நாள். இன்றைக்குக் காப்பாற்றிவிட்டால் பிழைத்துவிடும். அவள் அந்த நான்கு நிமிடத்தைக் கொடுத்தது இதற்கு. கொடுத்தது கொடுத்ததாகிவிட்டது. இதையும் கெடவிட்டால் அது எதற்கென்றே இல்லாமல் போகும்.

ஒன்றரைக்கு மழை பிடித்தது. முதலில் புழுதி, பிறகு காற்று, பிறகு வானமே உடைந்தது போல் தண்ணீர். எங்கோ கம்பம் சாய்ந்தது. மின்விசிறி நின்றது. கூரைமேல் ஏர் கூலர் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. இருபது நிமிடத்தில் மழை விட்டு வெயில் அடித்தது. மண்ணிலிருந்து ஆவி எழும்பி ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்தது. இந்த மாதிரிக் காற்றில் ஈரத்துணி குளிராது. மழை பெய்தாலே வெர்ல் வானத்தைப் பார்த்துத் திட்டுவான். ஐஸ் மட்டும்தான் கைகொடுக்கும்.

செல்போனுக்கு வாசல் கேட் அருகில்தான் சிக்னல் கிடைக்கும். ஆர்மிடா சேற்றில் நின்று சவ வண்டிக்காரரிடம் பேசினாள்.

"ஓடைல மார்பளவு ஓடுதும்மா. அஞ்சு மணிக்கு முன்னாடி எறங்க முடியாது. அதுவரைக்கும் அவரக் கொஞ்சம் குளிர்ச்சியா வெச்சுக்குங்க."

"எத வெச்சு?"

அவர் போனை வைத்தார்.

திரும்பி வந்து குளியலறைக்குப் போனாள். தொட்டியில் பாட்டில்கள் இல்லை. தண்ணீரில் கை வைத்தாள். குளிக்கிற பதம். பட்டையில் எழுபது.

படுக்கையறையில் வெர்லின் இரண்டு கக்கத்திலும் ஒவ்வொன்று, வயிற்றில் ஒன்று, பாதங்களுக்கு நடுவில் ஒன்று. லுவானா ஒவ்வொன்றையும் துண்டில் சுற்றி, துண்டின் முனையைப் பாந்தமாக மடித்துச் செருகியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள். தனக்கு அல்ல. தம்பிக்கு.

ஆர்மிடா பாதத்திலிருந்து தொடங்கினாள். துண்டை உருவிப் போட்டுவிட்டு பாட்டிலை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

வயிற்றில் இருந்ததை எடுத்தாள்.

"ஆர்மிடா! வெக்கைல என் தம்பி கெட்டுப்போகணுமா? அந்தச் சனியனுக்கு ஐஸு, இவனுக்கு இல்லையா?"

"இவனுக்கு இனிமே சூடு ஏறாது, லுவானா. அதுக்குத் தானா ஏறும்."

"உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு."

"இருக்கட்டும்."

கக்கத்தில் இருந்ததை எடுக்கக் குனிந்தபோது, "கைய தூக்கு," என்றாள். நான்கு மாதமாக அவனைத் துடைத்துவிடும்போதெல்லாம் சொன்னது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு அவளே கையைத் தூக்கினாள். கனத்தது.

நான்காவது பாட்டிலை லுவானா பிடித்துக்கொண்டாள். இரண்டு கிழவிகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நின்றார்கள். நடுவே வெர்ல் படுத்திருந்தான்.

"கடைசி மூச்சுக்கு நீ பக்கத்துல இல்ல," என்றாள் லுவானா. குரல் உயரவில்லை. "நாப்பத்தாறு வருஷம் கூட இருந்துட்டு, அந்த நேரத்துல நீ பாட்டில் மாத்திட்டு இருந்தே."

"அவன்தான் அனுப்பினான்."

"என்ன சொன்னான்?"

"நேரமாச்சு, போய் பாட்டில மாத்துன்னான்."

"அப்போ மணி என்ன?"

"பதினொன்னேகால்."

லுவானாவின் பிடி தளர்ந்தது. பாட்டில் ஆர்மிடாவின் கைக்கு வந்தது. ஃப்ரீசர் கதவில் வெர்லின் கோணல் எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பாட்டில் மாற்றும் மணி: ஆறு, பன்னிரண்டு, ஆறு, பன்னிரண்டு. மூன்று நாளாக அந்தச் சமையலறையில் காபி போட்டுக் குடித்தவள் லுவானா. அந்தத் தாளை அவளும் பார்த்திருக்கிறாள்.

தாளை விட்டு ஒரு நிமிஷம் முன்னே பின்னே போக விடாதவன் வெர்ல்.

லுவானா நாற்காலியில் உட்கார்ந்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு தம்பியின் முகத்தையே பார்த்தாள். ஆர்மிடா நான்கு பாட்டில்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அவை பாதிக்கு மேல் உருகியிருந்தன. ஃப்ரீசரில் இருந்த நான்கும் மேலே மட்டும் ஆடை கட்டியிருந்தன. எட்டையும் தொட்டியில் போட்டாள். போதாது. மறுபடி ஃப்ரீசரைத் திறந்தாள். போன ஆகஸ்டில் சுட்டுத் தோலுரித்து, வருஷம் முழுக்க வருமென்று பை பையாக உறைய வைத்த பச்சை மிளகாய். பதினேழு பை. எல்லாவற்றையும் அள்ளினாள். மான் கறிப் பொட்டலம் இரண்டு. பட்டாணி. கிறிஸ்துமஸுக்கு அவித்த தமாலே என்ற மக்காச்சோளக் கொழுக்கட்டையில் மிஞ்சியது. ஒவ்வொன்றையும் குப்பைப் பையில் கட்டித் தண்ணீரில் இறக்கினாள்.

அடியில் அலுமினியத் தாள் மூடிய பெரிய தட்டு ஒன்று கல்லாக உறைந்திருந்தது. லுவானா கொண்டுவந்தது. சபையில் சாவு விழுந்தால் எல்லா வீட்டிலும் வைக்கிற உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி போட்டது. போன வியாழக்கிழமையே கொண்டுவந்துவிட்டாள். அப்போது வெர்ல் உட்கார்ந்து முட்டை தின்றுகொண்டிருந்தான். தட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, கொஞ்சம் பொறுத்துக்கயேன், நான் இன்னும் கெளம்பல," என்றான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் கால் மணி நேரம் ஆனது.

ஆர்மிடா தட்டைத் தூக்கினாள். பாறை மாதிரி இருந்தது. திரும்பினால் லுவானா கதவருகில் நின்றாள்.

"அது என் உருளைக்கிழங்கு."

"தெரியும்."

"எதுக்கு எடுக்கிறே?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

லுவானா தட்டைப் பார்த்தாள். ஆர்மிடாவைப் பார்த்தாள்.

"ஓரத்துல தாள் கிழிஞ்சிருக்கு," என்றாள். "ரெண்டு பை போட்டுக் கட்டு. தண்ணி உள்ள போயிடும்."

நான்கு மணிக்கு அறுபத்தொன்பது. நாலரைக்கு அறுபத்தெட்டு. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மின்விசிறி சுற்றத் தொடங்கியது. பட்டையில் அறுபத்தேழில் பச்சை தெரிந்தது.

வண்டி ஐந்தரைக்கு வந்தது. முழங்கால்வரை சேறோடு இரண்டு பேர் இறங்கினார்கள். வெர்லைத் தூக்கி, நடையில் திருப்பமுடியாமல் திருப்பி, வெளியே கொண்டுபோனார்கள். ஆர்மிடா கேட் வரை கூடவே நடந்தாள். துணிக்கு மேலே அவன் நெற்றி இருக்கும் இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். எடுத்தாள். அவர்கள் கதவைச் சாத்தினார்கள்.

வண்டி திரும்பிய தடத்திலேயே சபைப் பெண்களின் கார் வந்து நின்றது. மூன்று பேர். ஆளுக்கொரு பாத்திரம். நல்ல உடை, நல்ல செருப்பு. ஆர்மிடாவைக் கட்டிப்பிடித்தார்கள். லுவானாவைக் கட்டிப்பிடித்தார்கள். மேசையில் பாத்திரங்களைப் பரப்பிவிட்டு, ஒருத்தி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"லுவானா, உருளைக்கிழங்கு நீ கொண்டுவந்துட்டதா சொன்னியே?"

"கொண்டுவந்தேன். அது வேற எடத்துல வேலையா இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. இன்னொருத்தி ஆர்மிடாவின் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில், அவசரமாகப் போகணும், குளியலறை எங்கே என்று கேட்டாள். ஓடை வடியும்வரை இரண்டு மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தார்களாம்.

ஆர்மிடா வாயைத் திறப்பதற்குள் லுவானா எழுந்தாள்.

"இந்த வீட்ல குளியலறை இல்ல," என்றாள். "பக்கத்து ஒர்டேகா வீட்டுக்குப் போகலாம். வாங்க, நானும் வரேன்."

"இல்லையா?"

"இன்னிக்கு இல்ல."

ஆர்மிடா குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டாள். சட்டைக் கையை மடித்து, தண்ணீரில் கையை விட்டு, மேலே மிதந்து வந்த மிளகாய்ப் பையைக் குடுவையோடு சேர்த்து அழுத்தினாள். கை விறைத்தது. எடுக்கவில்லை. தொட்டிக்கு மேலிருந்த சிறிய ஜன்னலில் கொல்லை தெரிந்தது. மூன்று பெண்கள் செருப்பைக் கையில் பிடித்து, பாவாடையைத் தூக்கிக்கொண்டு, சிவந்த சேற்றில் வரிசையாக ஒர்டேகா வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் லுவானா போனாள். செருப்பையும் கழற்றவில்லை, பாவாடையையும் தூக்கவில்லை.