கவிஞரின் நடுவிரலில் ஒரு கறை

"விரல்ல என்னடி கறை?" என்று ஓவியர் ஓர்சோலா என்னைக் கேட்டார்.

"அக்ரூட் தோல் உரிச்சேன்க்கா."

"மார்ச் மாசத்துலயா? பொலோன்யாவுல எந்த மரத்துலடி இப்ப அக்ரூட் காய்க்குது?"

நான் தலை குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டு, என் கையில் இருந்த இறகுப் பேனாவைச் சற்றுச் சாய்த்து வைத்தார்.

படம் கவிஞர் பெனடெட்டா அம்மையாருடையது. கவிஞர் மன்றத்துச் சுவருக்குப் போக வேண்டியது. முகத்துக்கு அவரே வந்து உட்கார்ந்தார். கையுறையை மட்டும் கழற்றவே இல்லை. மூட்டுவாதத்தில் விரல்கள் கோணிப்போய்விட்டன என்று ஊரில் பேச்சு. "கைக்கு வேற யாரையாவது உக்கார வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டார். அவருடைய கறுப்புப் பட்டு உடையை மாட்டிக்கொண்டு நான் உட்கார்ந்தேன்.

கறை மைக்கறைதான். எழுந்து நின்று ஒப்பிக்க நா எழாமல் கன்னிமடத்துப் பள்ளியை விட்டவள் நான். எழுதுவதை விட முடியவில்லை. "இனிமே விரல்ல மையைப் பாத்தேன், பட்டுக்கூட்டை வேகவச்சு நூல் எடுக்க அனுப்பிடுவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அங்கே நாள் முழுக்கக் கொதிநீரில் கை. பேனா பிடிக்க விரல் மிஞ்சாது.

முடிந்த படத்தைப் பார்க்க அம்மையார் வந்த அன்று, வெளுத்த துணிகளோடு அம்மாவும் வந்து சேர்ந்தாள்.

"கழுத்துப்பட்டையில கஞ்சி நல்லா வெறப்பா நிக்குது" என்று படத்தை மெச்சினாள். பிறகு அவள் கண் கீழே இறங்கியது.

"இது எம் பொண்ணு கைதானே? நடுவிரல்ல என்ன அது, மையா? சலவைக்காரிக்குக் கறை தெரியாதா? கையைக் காட்டுடி!"

கையை ஏப்ரனுக்குள் சுருட்டிக்கொண்டேன்.

பெனடெட்டா அம்மையார் என் முகத்தைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக, வலது கையுறையைக் கழற்றினார். மரவேர் போல் முறுகிய விரல்கள். அந்தக் கையைப் படத்தில் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தார். நடுவிரலில், அதே இடத்தில், அதே கறை.

ஓர்சோலாவும் அன்றுதான் அந்தக் கையைப் பார்க்கிறார். ஆனாலும் சட்டென்று என் அம்மாவிடம் சொன்னார்: "பாத்தியா தோமேனிகா? கை உம் பொண்ணோடது, கறை அம்மையாரோடது. அதை விட்டுட்டா அது கவிஞர் படமா?"

அம்மா பதறிப்போனாள். "மன்னிக்கணும் தாயே. எம் புத்தி!"

யாருக்கும் காட்டாத கையை அம்மையார் எனக்காகக் காட்டினார். இன்றும் பேனாவை மையில் தோய்க்கும்போது முதலில் அந்தக் கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

அன்று எப்படியாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று கதவு வரை ஓடினேன். அதற்குள் அம்மையார் கையுறையை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.