பத்தாவது முளைத் துணி

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆலைச் சங்கு ஊதி ஓய்ந்தபோது பன்னிரண்டு துணித்துண்டுகளும் கொடியில் ஏறியிருந்தன.

மங்கம்மா அவற்றுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எல்லாம் வெள்ளைக் காடா. ஒவ்வொன்றும் ஒரு முழம். ஈரத்தில் பன்னிரண்டும் ஒன்றுபோல இருந்தன. அது அவள் எதிர்பார்த்ததுதான். இந்தக் கறை ஈரத்தில் முகம் காட்டாது. வெயில் ஏறி, துணி மொடமொடவென்று காய்ந்த பிறகுதான் இளஞ்சிவப்பாக வெளியே வரும்.

மூன்று வாரமாக இப்படித்தான். ராயபுரத்து மாதா கோயில் துணிகளைக் கொண்டுவரும் சிலுவையம்மாள் போன வாரம் பீட விரிப்பை மங்கம்மாவின் மடியில் போட்டாள். "இன்னாம்மே இது? வெளுக்கக் குடுத்தனா, சாயம் போடக் குடுத்தனா?" என்றாள். மங்கம்மா உவர்மண்ணை மாற்றிப் பார்த்தாள். வெள்ளாவிப் பானையை மாற்றிப் பார்த்தாள். கறை வந்தது. மற்றவர்களுக்கும் வந்தது. குற்றம் தண்ணீரில் என்று ஆயிற்று.

திருவொற்றியூருக்குத் தெற்கே இருந்த அந்தக் கோரைக்குளத்தில் நாற்பது துவைகல். கல்லுக்கு ஒரு குடும்பம். சாத்தாங்காட்டுப் பக்கமிருந்து வரும் வாய்க்கால்தான் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. சித்திரை பிறந்ததும் கல்லுக்கு ஓர் ஆள் வந்து குளத்தையும் வாய்க்காலையும் தூர் வாரவேண்டும். வராத வீட்டின் கல்லைக் கவிழ்த்துவிடுவார்கள். மழை பொய்த்த ஐந்தாவது வருஷம் அது. சுற்றிலும் குட்டைகள் வெடித்துக் கிடந்தபோது கோரைக்குளத்தில் மட்டும் இடுப்பளவு நின்றது. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

திங்கட்கிழமை ஓவர்சியர் ரகுபதி சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"தண்ணி கெட்டுப்போச்சுன்னு மூணு மனு வந்திருக்கு. குளத்தைத் தூர்த்துட்டா லாரி ஷெட்டாவது கட்டலாம்னு மேல சொல்றாங்க."

"தண்ணி தானா கெடல சாமி," என்றாள் மங்கம்மா. "யாரோ கெடுக்கறாங்க."

"யாரு?"

அது அவளுக்கும் தெரியவில்லை.

ரகுபதி கெட்டவர் இல்லை.  "வெள்ளிக்கிழமை வரேன். அழுக்கு எந்த இடத்துல கலக்குதுன்னு காட்டுங்க. அந்த இடத்தை மூடச் சொல்லி எழுதறேன். காட்ட முடியலேன்னா குளத்தை மூடச் சொல்லி எழுதறேன். ரெண்டுல ஒண்ணு."

அவர் சைக்கிள் ஏறுவதற்கு முன்பே நாற்பது கல்லிலிருந்தும் விரல்கள் வடக்கே நீண்டன. வாய்க்காலின் தலைப்பில் தோல் கிடங்கு இருந்தது. நாற்றம் பிடித்த இடம். முதலாளியை யாரும் பார்த்ததில்லை. குற்றவாளிக்கு வேறென்ன லட்சணம் வேண்டும்?

மங்கம்மாவின் விரல் மட்டும் நீளவில்லை. அவளுக்குத் தோல் கிடங்கின்மேல் பாசம் ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருந்தது, அவ்வளவுதான்.

"தோல் ஊற வெக்கிற தண்ணி சேப்பா கீதா?" என்று கேட்டாள். "எவனாவது கண்ணால பாத்தியா?"

"மூக்கால பாத்தோம்," என்றான் அவள் புருஷன் எத்திராஜ். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலமே அவளுக்கு யோசனை வந்துவிட்டது. ஒரு சட்டை காணாமல் போனால் வண்ணான் குறியை வைத்து வீடுவீடாகத் தேடிப் பிடித்துவிடலாம். அழுக்கை ஏன் அப்படித் தேடக்கூடாது? வாய்க்கால் நெடுக மூங்கில் முளை அடித்து, முளைக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டித் தண்ணீரில் விட்டால், கறை எந்த முளையில் தொடங்குகிறது என்று துணியே சொல்லிவிடும்.

காடாவைக் கிழித்துக் கொடுத்தவர் பஷீர். லுங்கிகளுக்குச் சாயம் போடுகிறவர். குளத்துக்கு மேலே வாய்க்கால் கரையில் பட்டறையும் வீடும். குளத்தில் அவருக்குக் கல் கிடையாது. ஆனாலும் நான்கு வருஷமாகச் சித்திரைத் தூர்வாரலுக்குப் பட்டறை ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வந்துவிடுவார். கல் இல்லாதவருக்கு இங்கே என்ன வேலை என்று முதல் வருஷம் எத்திராஜ் கேட்டான். "உன் கொளம் நாறினா காத்து என் வூட்டுக்குத்தான மாமு வருது," என்றார் பஷீர். அன்றிலிருந்து இருவரும் தோஸ்து.

துணிகளில் மங்கம்மா சேங்கொட்டைப் பாலால் குறி போட்டாள். துணி நைந்தாலும் அந்தக் கறுப்பு போகாது. எண் எழுத அவளுக்கு வராது. அதனால் ஒவ்வொரு முளைக்கும் பக்கத்தில் எந்த வாடிக்கை வீடு இருக்கிறதோ அந்த வீட்டுக் குறியையே போட்டாள். தோல் கிடங்குக்கு மேலே முதல் முளை, கணக்குப்பிள்ளை வீட்டு மூன்று புள்ளி. கிடங்குக்குக் கீழே இரண்டாவது, மருந்துக்கடைக்காரர் வீட்டு வளையம். பத்தாவது முளை பஷீரின் பின்சுவரைத் தாண்டினதும் இருந்தது. அதற்கு ஒரு கோடு, கோட்டின் தலையில் இரண்டு புள்ளி.

பஷீர் அதைப் பார்த்துச் சிரித்தார். "என் லுங்கிய வாய்க்கால்ல வுட்டுட்டியே தங்கச்சி."

"உன் லுங்கின்னா மீன்கூட மேல போட்டுக்காது பாய்," என்றாள் மங்கம்மா.

முளைகளை அடித்தது பஷீரும் எத்திராஜும். துணிகள் இரண்டு பகல், மூன்று இரவு தண்ணீரில் கிடந்தன.

எட்டு மணிக்கு வெயில் கொடியைப் பிடித்தது. மங்கம்மா எழுந்தாள். மூன்று புள்ளி, வெள்ளை. வளையம், வெள்ளை. முகர்ந்தாள். நாறியது. ஆனால் வெள்ளை. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் வெள்ளை. ஒன்பதாவது பால்போல இருந்தது.

பத்தாவது துணியை அவள் கொடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில், கரையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்தில், சிவப்பு நன்றாக ஏறியிருந்தது. பதினொன்றில் அதுவே வெளிறியிருந்தது. பன்னிரண்டில் இன்னும் வெளிறி, பீட விரிப்பில் இருந்த அதே நிறம்.

கோடு. தலையில் இரண்டு புள்ளி.

எத்திராஜ் பின்னால் வந்து நின்றான். அவனும் குறியைப் படித்தான். 

"அத்த அவுத்துடு," என்றான் எத்திராஜ்.

"அவுத்து?"

"பன்னண்டாவது முளைகிட்ட தண்ணில சேப்பு கலந்துதான கீது? ரெண்டாவது துணிய அங்க ஒரு நாள் போட்டு வெச்சா அதுவும் சேப்பாயிடும். வளையக் குறி யாரு வூடுன்னு ஓவர்சியருக்கு இன்னா தெரியும்? நாம சொன்னதுதான். தோல் கிடங்குன்னு சொல்லுவோம். ஊரே அதத்தான சொல்லுது?"

"சரி. தோல் கிடங்க மூடிட்டாங்க. அப்பறம்?"

"அப்பறம் இன்னா, கொளம் தப்பிச்சுது."

"அடுத்த வாரம் சிலுவையம்மா விரிப்பு இன்னா கலர்ல காயும்?"

எத்திராஜ் பீடியைத் தேடினான். இடுப்பில்தான் இருந்தது. கிடைக்கவில்லை.

"பாய் நம்ம தோஸ்துமே," என்றான்.

"அதுக்குத்தான் கேக்கப் போறேன்."

அவள் பத்தாவது துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வெளுத்த துணிக்குப் போடும் நீல டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். எதற்கென்று அப்போது அவளுக்கே சரியாகத் தெரியாது.

பட்டறை வாசலில் பஷீர் துணியைக் கையில் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். நகத்தால் சுரண்டி, நுனியை நாக்கில் வைத்தார். சாயக்காரர் கண்ணை நம்புவதில்லை.

"என்னுதுதான்," என்றார். "மூணு வாரமாத்தான் இந்தச் சேப்பு. அதுக்கு முன்ன எல்லாம் வெளிர் கலரு. ஆனா நா ஒரு சொட்டுகூட வாய்க்கால்ல வுடறதில்ல தங்கச்சி. அல்லா மேல ஆணை. வா, காட்டறேன்."

மங்கம்மா துணியைத் திரும்ப வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் போனாள். கொல்லையில் ஒரு குழி இருந்தது. ஆளாழம். சாயத் தொட்டியில் மிஞ்சியது எல்லாம் அதில்தான் போயிற்று. பஷீரே வெட்டியது. குழிக்கும் வாய்க்காலுக்கும் நடுவே பின்சுவர். சுவருக்கு அப்பால் நான்கு முழம் கரை.

"ஆறு வருசமா ஊத்தறேன். பூமி குடிச்சிக்குது."

"பூமி குடிச்சிட்டு எங்க போவுது?" என்றாள் மங்கம்மா.

பஷீர் அவளைப் பார்த்தார். அப்படி ஒரு கேள்வி இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

நீல டப்பாவைக் கையில் வைத்திருப்பது அப்போதுதான் மங்கம்மாவுக்கு நினைவு வந்தது. முழு டப்பாவையும் இரண்டு வாளித் தண்ணீரில் கரைத்தாள். ஒரு மாதத்து நீலம். பஷீரின் மனைவி சாபிரா வாசற்படியில் நின்று, "இன்னா, கொல்லையவே வெளுக்கப் போறீங்களா?" என்றாள். இரண்டு வாளியும் குழிக்குள் போயின. மங்கம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, பத்தாவது முளையில் புதுக் காடா ஒன்றைக் கரை மண்ணோடு ஒட்டிக் கட்டினாள்.

பிறகு காத்திருந்தார்கள்.

சாபிரா டீ கொண்டுவந்தாள். பட்டறை ஆட்களைப் பஷீர் வேலை நிறுத்தச் சொல்லிவிட்டார். இன்று தொட்டியைக் காலி செய்யக்கூடாது. மங்கம்மா கணுக்கால் தண்ணீரில் நின்று துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீலம் வராமல் இருக்கவேண்டும் என்று ஒரு மனம். வந்தால் எப்படி வரும், எந்தப் பக்கமிருந்து வரும் என்று பார்க்க இன்னொரு மனம். இரண்டாவது மனத்தை அவளால் அடக்க முடியவில்லை. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

பகல் ஒரு மணிக்கு எத்திராஜ் வந்தான். சோற்றுத் தூக்கு கொண்டுவந்திருந்தான்.

"வந்துச்சா?"

"இல்ல."

"வராது," என்றார் பஷீர். "நா சொன்னேன்ல. அது வேற எவனோ."

"இருந்து பாப்போம் பாய்."

வெயில் சாயத் தொடங்கியபோது வந்தது. மங்கம்மாதான் முதலில் கண்டாள். தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, கரையில், விரல் அகலத்துக்கு ஈரம் மினுங்கியது. அவள் அதன்மேல் துணியின் ஓரத்தை வைத்து அழுத்தினாள். எடுத்தாள். நீலம். சிவப்பு கலந்து கொஞ்சம் கத்திரிப்பூப் போல ஆகியிருந்தது. ஆனால் நீலம்தான், இருபது வருஷமாக அவள் வாங்கிய நீலம்.

"பாய்," என்று கூப்பிட்டாள்.

பஷீர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கரையை விரலால் நோண்டினார். மேலே ஒரு முழத்துக்குக் களிமண், கறுப்பாக, இறுக்கமாக. அதற்குக் கீழே களி இல்லை. வெறும் மணல். மணல் கசிந்துகொண்டிருந்தது.

"இங்க களிதான கெட்டியா இருந்துச்சு?" என்றான் எத்திராஜ். "அடி வரைக்கும் களிதான?"

பஷீர் கையைக் கழுவவில்லை. "இருந்துச்சு. போன சித்திரைல வெட்டினோம்ல மாமு. இன்னும் ஒரு முழம் ஆழம் போனா தண்ணி நல்லா ஓடும்னு நாந்தான சொன்னேன். இந்த எடத்த நானே வெட்டினேன், அடிக் களி அதோட போச்சு. நீங்கள்லாம் அந்தக் கரையில நின்னு, பாய் மாதிரி எவனும் மம்பட்டி புடிக்க முடியாதுன்னு சொன்னீங்க."

ஆமாம். சொல்லியிருந்தார்கள். மங்கம்மாவும் சொல்லியிருந்தாள். வெட்டிய களிமண்ணைக் கூடையில் சுமந்து கரையேற்றியவர்களில் அவளும் ஒருத்தி.

சாபிரா சுவரின் மேலிருந்து எட்டிப் பார்த்தாள். நடந்தது அவளுக்கும் புரிந்துவிட்டது.

"குழிய மூடிடலாம். களிமண்ணு அப்பி மூடிடலாம்," என்றாள். "தொட்டித் தண்ணிய எங்க ஊத்தறது? தெனம் வண்டி கட்டி சமுத்திரத்துக்கா ஓட்டறது?"

"வேற குழி வெட்டலாம்," என்றான் எத்திராஜ். "வூட்டுக்கு அந்தப் பக்கம். நாப்பது பேரு கீறோம். ஒரு வாரத்துல வெட்டி, அடியிலயும் சுவத்துலயும் களி பூசிக் குடுத்துடறோம்."

"ஒரு வாரம்," என்றார் பஷீர்.

நாளைக்கே வெள்ளிக்கிழமை என்று யாரும் சொல்லவில்லை. ஓவர்சியருக்குக் குழி வேறு, பட்டறை வேறு என்று தெரியுமா? மூடச் சொல்லி எழுதுவார். எழுதியதை மேலே இருக்கிறவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று அவருக்கே தெரியாது. பட்டறையை நம்பி ஏழு பேர். குளத்தை நம்பி நாற்பது வீடு.

எத்திராஜ் தொண்டையைச் செருமினான். "ரெண்டாவது துணிய எடுத்தாந்திருக்கேன்," என்றான் தரையைப் பார்த்து. "தூக்குலதான் கீது. இப்பத் தண்ணில போட்டாக்கூட..."

"சோத்துக்குள்ளயா வெச்சிருக்க?" என்றாள் மங்கம்மா.

"இல்ல. மூடிக்குள்ள."

பஷீர் சிரிப்பதுபோல ஏதோ செய்தார். சிரிப்பு வரவில்லை. அவர் கரை மண்ணிலேயே உட்கார்ந்து, கசிகிற இடத்தில் உள்ளங்கையை வைத்து அடைத்தார். விரல்களுக்கு நடுவே நீலம் வந்தது. கையை எடுத்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

மங்கம்மா இடுப்பிலிருந்து பத்தாவது துணியை எடுத்து விரித்தாள். நீலம் ஏறிய துண்டை அதன்மேல் வைத்தாள். இரண்டையும் சேர்த்து மடித்தாள், குறி வெளியே தெரியும்படி. வண்ணாத்தி எந்த வீட்டுத் துணியையும் அப்படித்தான் மடிப்பாள். பிறகு தண்ணீரில் நடந்துபோய் அவர் எதிரே நின்றாள்.

"பாய், நாளைக்குக் காலைல ஓவர்சியர் வந்து கரைல நிப்பாரு. இத்த நீ அவர் கைல குடுக்கறியா, நா குடுக்கட்டுமா?"