வடக்குச் சன்னல்

ராஜையன் இறந்தவர்களை வரைகிறவன். வீட்டார் கொண்டுவரும் மங்கிய புகைப்படத்தைப் பெரிதாக்கி எண்ணெய்ச் சாயத்தில் முகமாக்கிக் கொடுப்பான். அவன் வரைந்த கண்களைப் பார்த்துவிட்டு அழாமல் போனவர்கள் குறைவு. ஆனால் நாகர்கோவிலில் அவனுக்கு இருந்தது ஒற்றை அறை வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டாம் வருட ஆனி மழையில், மனைவி ராகேல் எரித்த ஈர விறகின் புகை படிந்து, அவன் வரைந்து வைத்திருந்த ஒரு பிரசங்கியாரின் படத்தில் வெள்ளை அங்கி தேயிலை நிறமாகிவிட்டது. இனி வேறு இடம் பிடிக்க வேண்டும். இல்லையென்றால் தூரிகையைக் கீழே வைக்க வேண்டும்.

அருமனையில் ராகேலின் அண்ணன் ஜெபதாஸ் ஓர் அறை தருவதாகச் சொன்னார். ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் கொட்டகையை ஒட்டிய அறை.

"சாமி படம் மட்டும் எழுதப்பிடாது, மாப்ளே. நான் சபெ கமிட்டியிலெ இருக்கவனாக்கும்."

"புகெ வருமே?"

"கொஞ்சம் வரும். உமக்கு வீட்டிலெயும் அதுதானே?"

இன்னொன்று தோவாளையில், பூ வியாபாரி சிவதாணு சரக்கு இறக்கி வைக்கும் கிட்டங்கிக்கு மேலே. வடக்குப் பார்த்த அகலச் சன்னல். உள்ளே நுழைந்ததும் ராஜையன் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். ரேகைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

"செத்தவன் மொகத்தெ மேலெ வெச்சுக்கிட்டு, கீழெ கல்யாணத்துக்குப் பூ குடுக்க முடியுமா வே? சாமி படம் எழுதும். இங்க கடைக்கு ஒண்ணு வாங்குவான்" என்றார் சிவதாணு.

சாமி படம் எழுதினால் சபையில் திருவிருந்து அப்பம் கிடையாது. எழுதாவிட்டால் புகை. ஆடி முழுக்க ராஜையன் பஸ் ஏறி இரண்டு இடத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வந்தான்.

"நீங்க வேலெ செய்ய முறி பாக்கியளா, பெண்ணு பாக்கியளா?" என்றாள் ராகேல். "ரெண்டுலெ ஒண்ணெக் கெட்டித் தொலையுங்க!"

"திருவிருந்திலெ சேக்க மாட்டாவளே?"

"அந்தத் துண்டு அப்பத்தெ வெச்சா நம்ம வயிறு நெறையுது?"

அவன் தோவாளைக்குப் போனான். அடுத்த மாதமே சபை அவனை விலக்கி வைத்தது.

முதல் படம் சிவதாணுவின் கடைக்கு, பகவதியம்மன். கிரீடம், மூக்குத்தி, தாமரை எல்லாம் முடித்தான். கண்களை எப்போதும் கடைசியில்தான் வைப்பான். அதற்காக மெல்லிய தூரிகையை எடுத்த காலையில் சிவதாணு படியேறி வந்தார். பின்னால், குளித்துத் திருநீறு பூசிய ஆசாரி சுயம்பு.

"நீரு எறங்கிக் கீழெ நில்லும், ராஜையா. கண்ணு இவரு தொறப்பாரு."

"நான் எழுதினா என்ன?"

"ஏசுவெக் கும்பிடுத வேதக்காரன் தொறந்த கண்ணுக்கு முன்னாலெ எவன் வே வெளக்கு ஏத்துவான்?" சிவதாணு கோபப்படவில்லை. அன்றைய பிச்சிப்பூ விலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். "இனி உள்ள படத்துக்கும் இப்பிடித்தான்."

சுயம்பு கதவு நிலை செய்கிறவர். முகம் வரைந்து பழக்கமில்லை. ராஜையனின் கையிலிருந்த தூரிகையையே வாங்கிக்கொண்டார். ராஜையன் பூக்கூடைகளுக்கு நடுவே போய் நின்றான். கூப்பிட்டபோது மேலே வந்து பார்த்தான். அம்மனின் ஒரு கண் தாமரையையும் மறு கண் சன்னலையும் பார்த்தது.

"கொள்ளாம்," என்று சிவதாணு கைகூப்பினார். "நேரே நம்மளத்தான் பாக்கா."

அம்மன் நேரே பார்க்கிறாள் என்ற பேச்சு கடைத்தெரு முழுக்கப் பரவியது. மறுவாரம் ஒரு மாலை வியாபாரி படியேறி வந்து, சாயம் குழைத்துக்கொண்டிருந்த ராஜையனைத் தாண்டி அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணு எழுதுத ஆளு எங்க வே?"

"அவரு இன்னும் வரல்ல" என்றான் ராஜையன்.

"அப்பம் நான் பொறவு வாறேன்."