க்ரீம் காரணம் இல்லை

டீச்சர் பார்லர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது முகமெல்லாம் செம்புள்ளி. சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர். எங்கள் பழைய வாடிக்கையாளர்.

"பாருங்க மேடம், உங்க க்ரீம் செஞ்ச வேலையை!"

மேடம் எங்கள் முதலாளி. அந்த க்ரீமை அவரே தயாரித்து, டப்பாவில் தன் படத்தை ஒட்டி விற்கிறார். இப்போது க்ரீம் பூசாமலேயே அவர் முகம் வெளுத்தது.

"வெயில்ல அலைஞ்சிருப்பீங்க."

"காதுக்குப் பின்னால வீங்கியிருக்கு. லேசா காய்ச்சல் வேற. இதுவும் வெயிலா?"

நான் கல்லாவில் இருந்தேன். நான் படித்தது நுண்ணுயிரியல். பில் போடுவதற்கு அது தேவைப்படாததால் யாரும் என்னைக் கேட்பதில்லை. "பிளட் டெஸ்ட் பண்ணிப் பாருங்க டீச்சர்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

இரண்டு நாளில் டீச்சரிடமிருந்து போன் வந்தது. ரூபெல்லா. மேடம் போனை வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"வைரஸாம்! தொத்து வியாதியாம்! நம்ம க்ரீம் இல்லடி!"

உடனே எல்லா வாடிக்கையாளருக்கும் குரல் செய்தி பறந்தது. "அன்புச் சகோதரிகளே, டீச்சருக்கு வந்தது சுத்தமான ரூபெல்லா. இருமினா பரவும், தும்மினா பரவும். க்ரீமால பரவாது. தைரியமா வாங்க!" சுகாதாரத் துறைகூட இவ்வளவு தெளிவாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கடைசி வரிதான் இடித்தது.

அதோடு விடவில்லை. டீச்சருக்கு இலவச ஃபேஷியல். "புள்ளி மறையறதுக்குள்ள வந்துடுங்க. நாலு பேர் பாக்கணும்."

மறுநாளே டீச்சர் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம், அங்கேயே வேலை பார்க்கும் என் அண்ணியைக் கூப்பிட்டார். "முதல்ல புருவத்தை எடு."

புருவம் எடுக்க நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு முகத்தின் மேல் குனிய வேண்டும். ஒருவர் விடும் மூச்சை மற்றவர் இழுக்கும் தூரம். அண்ணி அப்போது இரண்டு மாதக் கர்ப்பம். பார்லரில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் மணப்பெண் அலங்கார வேலையெல்லாம் வேறொருத்திக்குப் போய்விடும். அண்ணி நூலை எடுத்துவிட்டார்.

"அண்ணி, வேணாம்!"

இவ்வளவு சத்தமாக நான் பேசியதே இல்லை. எல்லோரும் திரும்பினார்கள்.

"நமக்கு வந்தா சில நாள் புள்ளி, அவ்வளவுதான். வயித்துல இருக்கற குழந்தைக்கு வந்தா கண்ணு, காது, இதயம்னு எது வேணா பாதிக்கலாம். கிட்டப் போகாதீங்க."

டீச்சர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார். "ஐயோ, ஸ்கூலுக்குப் போகாதீங்கன்னுதான் டாக்டர் சொன்னாரு. பார்லரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!"

மேடம் அண்ணியை மேலும் கீழும் பார்த்தார். "மாசமா இருக்கியா? இதைப் போய் யாராவது மறைப்பாங்களா? இதென்ன தொத்து வியாதியா?"

நான் அண்ணியின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. புள்ளி தெரிவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ரூபெல்லா தொற்றும். போன வாரம் இதே டீச்சருக்கு அண்ணிதான் புருவம் எடுத்திருந்தார்.

அண்ணி நடு ரோட்டில் நின்றுவிட்டார். "இப்ப ஊசி போட்டுக்கலாமா?"

"மாசமா இருக்கும்போது போடக்கூடாது அண்ணி. முன்னாடியே போட்டிருக்கணும். போட்டிருந்தா ரத்தத்துல தெரிஞ்சிடும்."

"போட்டாங்களா இல்லையான்னு எனக்கே தெரியாதே."

ஆஸ்பத்திரி போகும்வரை மேடம் போன் செய்துகொண்டே இருந்தார். நாங்கள் எடுக்கவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அன்றிரவு அண்ணி சாப்பிடவில்லை.

மறுநாள் டாக்டர் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி இருக்கு. பயப்படாதீங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அண்ணி தன் அம்மாவுக்கு போன் போட்டார்.

"அம்மா, சின்ன வயசுல எனக்கு ரூபெல்லா ஊசி போட்டாங்களா?"

"என்ன ஊசியோ, யாரு கண்டா? ஸ்கூல்ல வரிசையா நிக்க வெச்சுப் போட்டாங்க. நீ கத்துன கத்துல நர்ஸே பயந்துட்டாங்க. ஏண்டி, இப்பப் போய்க் கேக்குற? கை வலிக்குதா?"

"இல்லம்மா," என்றார் அண்ணி. போனை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். போனில் அவர் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார், எந்தக் கை என்று.